ஒரே நாளில் மூன்று சொம்பு

அத்தியாயம் 11

மாடித் தொட்டி நிறைந்து வழிந்து, பக்கத்து வீட்டுச் சுவர் ஊறி, அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று கத்திவிட்டுப் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. மோட்டாரை அணைக்காமல் விட்டது யார் என்று கார்த்திகா கேட்டபோது, மாமியார் அன்னக்கொடி, "நான்தான். மறந்துட்டேன்" என்றாள். அதோடு பேச்சு முறிந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் நடுவே காபி டம்ளரும் சாப்பாட்டுத் தட்டும்தான் போய் வந்துகொண்டிருந்தன.

கார்த்திகாவின் கணவன் ஈஸ்வரன் மலை மேல் இருந்தான். குத்தகைக்கு எடுத்த ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு நடக்கிறது. அவன் போடிக்கு இறங்கி வந்து பதினெட்டு நாள் ஆகிறது. வீட்டில் மாமனார் ராக்கையா, அன்னக்கொடி, கார்த்திகா, இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அருள்மொழி. நான்கு பேர்.

அன்று வியாழக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து ஊரில் கரண்ட் கிடையாது. கார்த்திகா வேலைக்குப் போகும், ஏலக்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் சல்லடை இயந்திரம் ஓடாது. வர வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாளாவது நன்றாகத் தூங்கலாம் என்று நினைத்திருந்தாள் கார்த்திகா. ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. இடுப்பு விண்விண் என்று தெறித்தது. நாளெல்லாம் குனிந்து காய் பொறுக்கும்போது தெரியாத வலி, லீவு நாளில் முழுசாகத் தெரிந்தது.

எட்டரை மணிக்கு அருள்மொழியைக் கிளப்பி, மாமனாரின் மொபெட்டில் ஏற்றிவிட்டாள். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் ராக்கையாவின் சோலி. எழுபத்தொரு வயதிலும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்தவள், ஹாலில் ஜன்னலோரம் நின்றாள். கொட்டகைக்கு ஓடுகிற நாட்களில் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இருப்பதில்லை.

செடி சரியாக இல்லை.

அது ஒரு மணி பிளான்ட். எல்லார் வீட்டிலும் பாட்டிலில் தொங்குமே, அந்தப் பச்சைக் கொடி இல்லை. இலைக்குப் பாதி பச்சை, பாதி பால் வெள்ளை. சில இலைகள் முக்கால்வாசி வெள்ளை. கூட வேலை பார்த்த சந்திரவல்லி மூன்று வருஷத்துக்கு முன் திருப்பூருக்குக் குடி போகும்போது, இரண்டு இலையுள்ள ஒரு துண்டைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது அது தேங்காய் நார் சுற்றிய குச்சியில் ஏறி, ஜன்னல் திரைக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கீழ் இலைகள் மூன்று மஞ்சளாகித் தொங்கின. வெள்ளைப் பகுதிகளின் ஓரம் பழுப்பேறி, தொட்டால் ஈரமாக இருந்தது. தொட்டியைச் சுற்றிக் கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. அடியில் வைத்த தட்டில் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. குனிந்தபோது சாக்கடை வாடை அடித்தது.

சந்திரவல்லி சொல்லித்தான் கொடுத்தாள்: "வெரல ரெண்டு கணு மண்ணுக்குள்ள விட்டுப் பாரு. ஈரம் ஒட்டுச்சுன்னா ஊத்தாத. காஞ்சிருந்தா அடியில ஒழுகுற வரைக்கும் நல்லா ஊத்து. ஒழுகுனதத் தட்டுல நிக்க விடாமக் கொட்டிரு. அம்புட்டுதான்."

கார்த்திகா அப்படித்தான் செய்து வந்தாள். வெயில் காலத்தில் ஆறு நாளைக்கு ஒரு தரம். இந்த மாதிரி மலையில் மேகம் இறங்கிக் கிடக்கிற ஐப்பசியில் பத்து, பன்னிரண்டு நாள்கூட ஆகும். கடைசியாக அவள் ஊற்றிப் பன்னிரண்டு நாள். மண்ணில் விரலை விட்டாள். சேறு.

நேரே அடுப்படிக்குப் போனாள்.

"அத்த, செடிக்கு யாரு தண்ணி ஊத்துனது?"

அன்னக்கொடி பீன்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி ஒரு நொடி நின்றது. ஒரு வாரத்துக்குப் பிறகு மருமகள் பேசிய முதல் வார்த்தை இது.

"நான்தான்."

"யாரும் ஊத்த வேணாம்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்?"

"வாடிக் கெடந்துச்சு, ஊத்துனேன். ஒரு சொம்புத் தண்ணிக்கு இம்புட்டுப் பேச்சா?"

"ஒரு சொம்பா? தட்டு நெறஞ்சு நாறுது. வேரு அழுகிப் போச்சு." கார்த்திகாவின் குரல் உயர்ந்தது. "எம்மேல கோவம்னா எங்கிட்டக் காட்டுங்க அத்த. அந்தச் செடி உங்கள என்னா செஞ்சுச்சு?"

அன்னக்கொடியின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் மொபெட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் பார்வை சட்டென்று வாசல் பக்கம் போய்த் திரும்பியது.

"சரி. தப்புத்தான். இனிமே ஊத்தல. விடு."

இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருகிற ஆள் இல்லை மாமியார். கார்த்திகாவுக்கு அது உறைத்தது. ஆனால் நின்று யோசிக்கத் தெம்பில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பழைய சாக்கை விரித்து, தொட்டியைச் சாய்த்துத் தட்டினாள். மண் உருண்டையாக வரவில்லை. கூழாக வழிந்தது. வேர்கள் காபிப்பொடி நிறத்தில் இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் தோல் தனியே உருவிக்கொண்டு வந்தது.

"அடடா, யாரு இந்தச் சோலியப் பாத்தது?"

ராக்கையா பின்னால் நின்றார். வேட்டியைச் சுருட்டிக்கொண்டு அவளுக்கு எதிரே குந்தினார்.

மலை எஸ்டேட்டில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். கடைசிப் பன்னிரண்டு வருஷம் தண்ணீர் மேஸ்திரி. எந்தப் பகுதிக்கு எப்போது தண்ணீர், எத்தனை மணி நேரம் என்று அவர் சொன்னால்தான் மோட்டார் ஓடும். அவர் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கினார். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

"பாத்தியா? பிடிச்சாச் சொட்டுது. ஏலச்செடியும் இப்படித்தான் ஆத்தா. தூர்ல தண்ணி நின்னுச்சுன்னா அழுகல் விழுந்துரும். தாகத்துல செடி ஒரு மாசம் கெடக்கும். தண்ணியில ஒரு வாரம் தாங்காது."

"அத்ததான் ஊத்திருக்காக மாமா."

அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பிளேடை வாங்கி, பழுப்பு வேர்களை ஒவ்வொன்றாக நறுக்கினார். வெள்ளையாக, விறைப்பாக இருந்த நான்கைந்து வேரை மட்டும் விட்டார். கொழகொழத்த தண்டை இரண்டு விரற்கடை மேலே வைத்து வெட்டினார். கை நடுங்கவே இல்லை.

"இந்த எலையப் பாரு. வெள்ளைதான் சாஸ்தி. பச்ச இருந்தாத்தான சோறு பொங்கும்? வெள்ளைக்கு ஏது பொங்கல்? அதனால இது மெல்லத்தான் வளரும், மெல்லத்தான் குடிக்கும். பச்சச் செடிக்கு ஊத்துற அளவுக்கு இதுக்கு ஊத்தக் கூடாது."

கார்த்திகா தேங்காய் நார்க் கழிவும் ஆற்று மணலும் கொஞ்சம் அடுப்புக்கரியும் கலந்தாள். அவர் வாங்கி அளவு பார்த்தார். இன்னும் ஒரு கை மணல் போடச் சொன்னார். செடியை நட்டு, குச்சியில் துணியால் கட்டி, தொட்டியை ஒரு தரம் தரையில் தட்டினார்.

"அந்தக் கலவையில இருக்குற ஈரம் போதும். பத்து நாளைக்கு ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. யாரு ஊத்துனாலும் கைய ஒடிச்சுருவேன்."

கார்த்திகாவுக்குச் சிரிப்பு வந்தது. பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "சரிங்க மேஸ்திரி" என்றாள். அவரும் சிரித்தார்.

ஜன்னலோரம் செடியை வைக்கும்போது மணி பதினொன்று.

பன்னிரண்டுக்கு அவள் அடுப்படியில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். ஹாலில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

ராக்கையா சொம்போடு நின்றார். செடியின் தூரில் தண்ணீர் நிதானமாக விழுந்துகொண்டிருந்தது.

"மாமா! என்னா செய்றீக?"

"வாடிக் கெடக்கு ஆத்தா. காலையிலருந்து யாரும் ஒரு சொட்டு ஊத்தல."

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. ஒரு நல்ல காரியம் செய்த மனுஷனின் முகமாக இருந்தது. சொம்பை வைத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"நீங்கதான மாமா பத்து நாளைக்கு வேணாம்னு சொன்னீக?"

"நானா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா, ஆமா. சும்மா கொஞ்சூண்டுதான் ஊத்துனேன்."

தட்டில் வடிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தாள். வயசானால் சில சமயம் இப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு, தலையணைகூட இல்லாமல் ஹாலில் ஒருக்களித்துப் படுத்தாள். அரைத் தூக்கத்தில் காலடி கேட்டது. கண்ணைத் திறந்தபோது மூன்றே கால். ராக்கையா அதே சொம்போடு ஜன்னலோரம் நின்றார். அதே நிதானத்தோடு ஊற்றினார். ஊற்றி முடித்து ஒரு வெள்ளை இலையை விரலால் தடவிக் கொடுத்தார்.

கார்த்திகா எழுந்திருக்கவில்லை. அவர் அடுப்படிக்குப் போய்ச் சொம்பை வைத்தார், வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். வாசலைப் பார்த்தார். இருபது நிமிஷம் போயிருக்கும். மறுபடி எழுந்தார். செடியைப் பார்த்தார். இப்போதுதான் கண்ணில் பட்டது போல, "ச்சே, இதுக்குத் தண்ணி ஊத்த ஆளில்ல இந்த வீட்டுல" என்று முனகிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தார்.

மூன்றாவது சொம்பு.

கார்த்திகா எழுந்து போய் அவர் கையிலிருந்து சொம்பை வாங்கிக்கொண்டாள். "நான் ஊத்திக்கிறேன் மாமா. நீங்க போய்ப் படுங்க."

அவர் தலையாட்டிவிட்டு அறைக்குள் போனார்.

அன்னக்கொடி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மேற்கே குரங்கணி மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. மழை மேகம் இறங்கியிருந்தது. கார்த்திகா படியேறி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

"அத்த, செடிக்கு நீங்க தண்ணி ஊத்தல."

அன்னக்கொடி திரும்பவில்லை. கொடியில் இருந்த வேட்டியை இழுத்து மடித்தாள்.

"மாமாதான் ஊத்துறாக. இன்னைக்கு மட்டும் மூணு தரம் சொம்பத் தூக்கிட்டாக. ஊத்துனது அவுகளுக்கே தெரியல."

மடித்த வேட்டியை மறுபடி பிரித்து மடித்தாள் அன்னக்கொடி. பிறகு தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன நாளா?" என்றாள் கார்த்திகா.

"போன வருசம் வைகாசியிலருந்து."

"மோட்டாரு?"

"அவருதான்."

"அன்னைக்கு அடுப்புல கேஸு தெறந்து கெடந்துச்சே?"

"அவருதான்."

"ஆனா நான் உங்களத் திட்டுனேனே அத்த. எல்லாத்துக்கும் உங்களத்தான திட்டுனேன்."

"திட்டிட்டுப் போ. எனக்குப் பழக்கம்தான். அவரு ஒரு சொல்லுத் தாங்க மாட்டாரு. பன்னெண்டு வருசம் நாலு பேருக்குச் சோலி சொன்ன மனுசன்."

கார்த்திகா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்னக்கொடி பேசத் தொடங்கினாள். ஒன்றரை வருஷமாக யாரிடமும் சொல்லாததை, யார் மீதும் கோபமில்லாத குரலில் சொன்னாள்.

"காலையில எந்திரிச்சதும் இன்னைக்கு வியாழக்கெழமன்னு நானாச் சொல்லிருவேன். அவரு கேக்குறதுக்கு முந்தி. யாராச்சும் வந்தா, இந்தா இன்னார் வந்துருக்காகன்னு பேரச் சொல்லித்தான் கூப்புடுவேன். சாப்டாச்சான்னு கேட்டா நான் பதில் சொல்லுவேன். கண்ணாடியத் தேடுவாரு, நான் மாத்தி வச்சுட்டேம்பேன். ராத்திரி எந்திரிச்சு எஸ்டேட்டு ஜீப்பு வந்துருச்சாம்பாரு. இன்னும் வரல, படுங்கம்பேன்."

"எங்ககிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா? ஈஸ்வரன் டாக்டரு, ஸ்கேனும்பான். வண்டியப் பிடுங்கிருவான். வெளிய விடாம ஒக்கார வச்சுருவீக. அப்பறம் அந்த மனுசன் என்னத்துக்கு இருப்பாரு?" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை. "எனக்கும் அலுத்துப் போச்சு கார்த்திகா. ஒருத்தி ரெண்டு பேரோட புத்திய வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கு அலையுறது?"

கார்த்திகா அவள் கையைப் பிடித்தாள். சுருங்கிய, சோப்பு வாடை அடித்த கை. காலையில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அந்தச் செடி உங்களை என்ன செய்தது? நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கீழே மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது.

கார்த்திகா துள்ளி எழுந்தாள். "மணி என்னா?"

"நாலு ஆகப் போகுது. அருளக் கூப்புடப் போறாரு."

"அத்த! புள்ளைய வண்டியில..."

"பள்ளிக்கூடத்து வழி மட்டும் தப்ப மாட்டாரு. ரெண்டு வாரம் நானே ஆட்டோவுல பின்னாலயே போய்ப் பாத்துருக்கேன். அதப் பாக்காம விடுவேனா? எம் பேத்தி இல்லையா அவ?"

"எப்பப் பாத்தீக?"

அன்னக்கொடி மடியில் கிடந்த வேட்டியை நீவினாள். "சித்திரையில."

கார்த்திகா செருப்புக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினாள்.

பள்ளிக்கூடம் நடந்து போனால் பன்னிரண்டு நிமிஷம். பாதித் தூரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. கேட் பாதி சாத்தியிருந்தது. வராந்தாப் படியில் அருள்மொழி புத்தகப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டீச்சர் குடையோடு நின்றாள்.

கார்த்திகா பிள்ளையை அள்ளிக்கொண்டாள்.

"அம்மா, நீ ஏன் வந்த? தாத்தா வருவாரு" என்றாள் அருள்மொழி.

"நேத்தும் இப்படித்தாங்க லேட்டு" என்றாள் டீச்சர். "நாலே முக்கால் ஆயிருச்சு. உங்களுக்குப் போன் போடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வந்துட்டார்."

கார்த்திகா மகளின் முகத்தைப் பார்த்தாள். "நேத்து ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"தாத்தா சொல்ல வேணாம்னாரு. அப்பா படிச்ச பள்ளிக்கூடத்துக்குத் தாத்தா போயிட்டாராம். அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சாம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "காலையில நான்தான்மா வழி சொல்லுவேன். இங்க திரும்பு, அங்க திரும்புன்னு. இல்லாட்டி நேராப் போயிட்டே இருப்பாரு."

அவளைத் தவிர அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட.

டீச்சரின் குடையை வாங்கிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து மேல்நிலைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். பஸ் ஸ்டாண்டு தாண்டி இன்னும் கால் மைல். ஈஸ்வரன் ஆறாவதிலிருந்து படித்த பள்ளிக்கூடம்.

அங்கே அப்போதுதான் விட்டிருந்தார்கள். பையன்கள் கூட்டம் கூட்டமாக மழையில் ஓடினார்கள். கேட்டுக்கு எதிரே, புளிய மரத்தடியில், ராக்கையா மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு பொட்டலத்தை வேட்டி மடிப்புக்குள் நனையாமல் வைத்திருந்தார். ஓடுகிற ஒவ்வொரு பையனின் முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா."

அவர் திரும்பினார். அவளை அங்கே பார்த்ததில் ஆச்சரியப்படவில்லை.

"ஈஸ்வரன் இன்னும் வெளிய வரல ஆத்தா" என்றார். "மழை பேயுது. குடைகூடக் கொண்டு போகல அவன்."

என்ன சொல்வது? ஆமாம் என்பதா, இல்லை என்பதா? அன்னக்கொடி ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்வியோடுதான் நின்றிருக்கிறாள்.

அருள்மொழி கையை உதறிக்கொண்டு முன்னால் போனாள். "தாத்தா, நான் வந்துட்டேன்."

அவர் குழந்தையைப் பார்த்தார். நேரம் ஆயிற்று. கண் ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கமாக இருந்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வந்தது. வந்ததும் அவர் முகம் கறுத்துச் சுருங்கியது. கார்த்திகாவைப் பார்க்காமல் கேட்டைப் பார்த்தார்.

"இங்க ஒரு ஆளப் பாக்க வந்தேன்" என்றார். "அதான் நேரமாயிருச்சு."

"சரி மாமா."

"பழைய ஆளு. எஸ்டேட்டுல கூட வேல பாத்தவன்."

"சரி மாமா. எறங்குங்க. நான் ஓட்டுறேன்."

அவர் அசையவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். மழை தலையில் வழிந்தது. கார்த்திகா மறுபடி சொல்லவில்லை, கையை நீட்டவுமில்லை. குடையை அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பையனும் போய், வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினான்.

ராக்கையா காலை ஊன்றி இறங்கினார்.

கார்த்திகா ஓட்டினாள். அருள்மொழி முன்னால் நின்றுகொண்டாள். ராக்கையா பின்னால் உட்கார்ந்து கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அன்னக்கொடி நனைந்துகொண்டே வாசலில் நின்றிருந்தாள். யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. துண்டை எடுத்து வந்து கணவரின் தலையைத் துவட்டினாள். "மழையில நனையலாமா? வாங்க, சட்டைய மாத்துங்க" என்று உள்ளே கூட்டிப் போனாள்.

கரண்ட் ஐந்து மணிக்கு வந்திருந்தது. ஆறு மணிக்கு எல்லாரும் ஹாலில் இருந்தார்கள். பொட்டலத்தில் இருந்த பக்கோடாவை அருள்மொழி தின்றுகொண்டிருந்தாள். கார்த்திகா காபியை ஆற்றாமல் கையில் வைத்திருந்தாள். சுவரில் சாய்ந்தால் தூங்கிவிடுவாள் போலிருந்தது.

போன் அடித்தது. ஈஸ்வரன்.

மலையிலிருந்து பேசினால் விட்டுவிட்டுத்தான் கேட்கும். அதனால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கார்த்திகா, கேக்குதா? இங்க ஸ்டோர்ல தீ பாத்துக்கிட்டிருந்த மலையாளத்துச் சேட்டன் ஊருக்குப் போயிட்டாரு. அவரு அம்மைக்குச் சுகமில்லையாம். பறிச்ச காய் குமிஞ்சு கெடக்கு. வேற ஆளு செட்டாகல. அப்பாவ நாளைக்குக் காலையில ஏழு மணி ஜீப்புல ஏத்தி விட்டுரு. ரெண்டு மாசம் இருந்தாப் போதும்."

ஸ்டோர் என்பது பச்சைக் காயை உலர்த்தும் கட்டிடம். விறகடுப்பு ராப்பகலாக எரியும். ஒருவர் கூடவே இருந்து விறகு தள்ளி, சூடு பார்த்து, காற்றுக்கு ஜன்னல் திறந்து மூட வேண்டும்.

அன்னக்கொடி மருமகளைப் பார்த்தாள். வேண்டாம், சொல்லாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. அனுப்பிவிடாதே என்றும் கெஞ்சியது.

"அது இல்லைங்க..." என்று தொடங்கினாள் கார்த்திகா. "நீங்க ஒரு நாளு கீழ வந்துட்டுப் போனா..."

"இப்ப எங்கிட்டு வர்றது? காய் வீணாப் போயிரும். அப்பாகிட்டக் குடு."

ராக்கையா ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போனைக் கார்த்திகா கையில் வைத்திருக்க, அதன் பக்கம் குனிந்தார்.

"ஈஸ்வரா, எத்தன தட்டு கெடக்கு?"

"எல்லாத் தட்டும் நெறஞ்சிருச்சுப்பா. இன்னும் பத்து மூட்டை வெளிய."

"மொத ரெண்டு மணி நேரம் ஜன்னலத் தெறந்து வையி. ஈரம் வெளியேறட்டும். சூடு அம்பதத் தாண்ட விடாத. தாண்டுச்சுன்னா பச்ச நெறம் போயிரும், காய் வெடிச்சுரும். விறகு சின்னதாப் போடு."

"அதான் நீங்க வாங்கன்னேன். உங்களுக்குத் தெரியாததா?"

"வர்றேன்யா. காலையில வெரசா வந்துர்றேன்."

அவர் குரலில் அப்படி ஒரு தெளிவு. பத்து வயது குறைந்தவர் போல எழுந்து அறைக்குள் போனார். பரணிலிருந்து பையை இழுக்கும் சத்தம் கேட்டது. கம்பளி எங்கே என்று யாரையும் கேட்காமல் தானே எடுத்தார்.

"கார்த்திகா, லைன்ல இருக்கியா? ஜீப்புக்காரங்கிட்ட நான் சொல்லிர்றேன்..." சத்தம் விட்டுப்போனது. கொரகொரவென்று இரைச்சல்.

கார்த்திகா போனை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இப்போது சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் தொடங்குவது?

அறைக் கதவு திறந்தது. ராக்கையா கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். மனைவியைப் பார்க்கவில்லை. நேரே கார்த்திகாவின் முன்னால் வந்து குந்தினார். காலையில் செடிக்கு எதிரே குந்திய அந்தக் கம்பீரம் இல்லை.

"ஆத்தா, நாளைக்கு நீயும் எங்கூட வர்றியா?"

"நானா மாமா? எதுக்கு?"

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மிக மெதுவாகச் சொன்னார்.

"தனியாப் போகப் பயமா இருக்கு. தீயப் போட்டுட்டு நான் மறந்துருவேன். எனக்கு என்னமோ ஆயிப்போச்சு ஆத்தா. யாருகிட்டயும் சொல்லிராத."

அன்னக்கொடி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒன்றரை வருஷத்தில் அவளிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

கார்த்திகா அவர் கையைப் பற்றினாள். அப்போதுதான் மடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. இரைச்சல் நின்று, பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலத் தெளிவாகக் கேட்டது.

"கார்த்திகா... அப்பா என்னா சொன்னாரு இப்ப?"